கிலோவாட்டும் யூனிட்டும்

குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு பஸ்ஸில் இறங்குகிறவர்கள், மலைச்சரிவில் போகும் நான்கு ராட்சதக் குழாய்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. தேக்கடித் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் பெரியாறு மின்நிலையத்துக்குப் போகிறது. நிலக்கரி கிடையாது, புகை கிடையாது. ஆனாலும் 2019 மார்ச் வரை அரசாங்கக் கணக்கில் அது புதுப்பிக்கத்தக்க மின்சாரமாகச் சேரவில்லை. 25 மெகாவாட்டுக்குள் இருக்கும் சிறிய நீர்மின் நிலையங்களுக்குத்தான் அந்தத் தகுதி இருந்தது. கணக்கு வைக்கிற முறை எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்!

இதே கணக்குச் சிக்கல் அரசுக் கட்டடக் கூரைகளிலும் உண்டு. அங்கே சூரிய மின்சாரம் வேண்டும் என்ற உத்தரவு புதிதல்ல. தமிழ்நாட்டின் 2012 சூரியசக்திக் கொள்கையே புதிய அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. மத்திய அரசின் கட்டடங்கள் எல்லாவற்றிலும் 2025 டிசம்பருக்குள் கூரைப் பலகைகள் வந்துவிட வேண்டும் என்று 2024-இல் இலக்கு வைத்தார்கள்.

யோசனை அருமையானது. வீட்டில் விளக்குப் போடுவது சூரியன் போன பிறகு. அலுவலகத்தில் ஃபேனும் கம்ப்யூட்டரும் ஓடுவது வெயில் நேரத்தில். சுமார் நூறு சதுர அடிக் கூரை இருந்தால் ஒரு கிலோவாட் பலகை வைக்கலாம். நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி மின்வாரியக் கம்பிக்குப் போய் பில்லில் கழிந்துவிடும்.

என் வருத்தம் வேறு. எத்தனை கிலோவாட் மாட்டினோம் என்றுதான் அறிக்கை எழுதுகிறார்கள். எத்தனை யூனிட் வந்தது என்று யார் கேட்கிறார்கள்? பலகையில் தூசி படியும், பறவை எச்சம் விழும், இன்வெர்ட்டர் மக்கர் பண்ணும். பில்லைத் துறை கட்டிவிடுவதால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியில் அப்படியில்லை. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் கரண்ட் பில் ஊராட்சிப் பணத்தைத் தின்றது. வங்கிக் கடனும் வாங்கி, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். சொந்தத் தேவை போக மிச்சத்தை வாரியத்துக்கு விற்றார்கள். கடன் அடைய வேண்டுமென்றால் காற்றாலை சுற்றியாக வேண்டும். யூனிட் கணக்கை அவர்கள் மறக்க முடியாது.

யூனிட்டைக் கேட்கும் சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 2005-இல் போட்ட சட்டம், 2013 முதல் மத்திய அரசு பயன்படுத்தும் மின்சாரத்தில் 7.5 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றது. அளவுகோல் பலகை அல்ல, செலவான மின்சாரம்.

குமுளிக்கு இந்த யூனிட் கணக்கு இன்னும் முக்கியம். ஆனி, ஆடியில் கீழே கூடலூரில் வெயில் அடிக்கும். மேலே நாள் முழுக்கச் சாரலும் மேகமும். கூரையை மட்டும் நம்பினால் அப்போது யூனிட் குறையும். அதே மாதங்களில்தான் காற்றாலைகள் நிற்கும் ராமக்கல்மேட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். குமுளி ஊராட்சி அலுவலகம் பாதியைக் கூரையிலும் மீதியை அந்தக் காற்றாலைக் கரண்டிலும் எடுக்க அரசு உத்தரவு இடம் தரட்டும். மாதாமாதம் வந்த யூனிட்டை அலுவலக வாசலில் எழுதிப் போடட்டும்; வரி கட்ட வருகிறவர்களும் படிக்கலாம்.