எலும்பைக் காக்கும் ஹார்மோன்: யாருக்கு எது?



"பக்கத்து வீட்டு அக்கா எலும்புக்கு ஒரு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். நானும் சாப்பிடலாமா?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அந்த அக்காவுக்குக் கருப்பை எடுத்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு கரையாமல் காத்து வந்தது அதுதான். முதல் சில ஆண்டுகளில் தேய்மானம் வேகமாக இருக்கும், வலி தெரியாது. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறியும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

கருப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கலாம். கருப்பை உள்ளவர் அதைத் தனியாக எடுத்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் வரக்கூடும். அதனால் அவருக்குப் புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே கொடுப்பார்கள். அக்காவின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பது இதனால்தான்.

2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவை சற்றுக் கூடின. செய்தி கேட்டு உலகெங்கும் பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குபவருக்கு ஆபத்து குறைவு. உடல் சூடும் இரவு வியர்வையும் வாட்டுகிற 52 வயதுப் பெண்ணுக்கு ஹார்மோன் நல்ல மருந்துதான். 70 வயதில், எலும்புக்காக மட்டும் அதைப் புதிதாகத் தொடங்குவது வழக்கமில்லை.

டிபோலோன் முதுகெலும்பு முறிவைக் குறைக்கும். வயது கூடியவர்களுக்குப் பக்கவாத ஆபத்து உண்டு. ரலாக்சிஃபின் ஹார்மோன் அல்ல, எலும்பில் அதைப்போல் வேலை செய்யும். முதுகெலும்பைக் காக்கும், இடுப்பைக் காப்பதாக நிரூபிக்கப்படவில்லை. உடல் சூட்டையும் கூட்டலாம். வயதானவர்களுக்கு டாக்டர் பெரும்பாலும் எழுதித் தருவது வாரம் ஒருமுறை சாப்பிடும் அலென்ட்ரோனேட். அதில் ஹார்மோன் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். தே தாரிக்கோடு விழுங்கினால் மருந்து உடலில் சேராது.

ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு மறுபடி தேயத் தொடங்கும். ஆகவே நீங்களாக நிறுத்தாமல், உங்கள் கிளினிக் கெசிஹாத்தானுக்குச் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள், நாட்டு மருந்து உட்பட. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், காலில் இரத்தக்கட்டி இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி இரத்தம் பட்டால், வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ 999-ஐ அழையுங்கள்.