கதையில படிச்சோம், கோர்ட்டுல நின்னோம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் குமாரலிங்கபுரம் குழுவினர் பேசியது)



எங்களைப் பேசக் கூப்பிட்டதும் கறவை மாட்டுக் கடன் பற்றியோ சேமிப்பு பற்றியோ பேசுவோம் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்தது கொலைக்கதை பற்றி. சிரிங்க, பரவாயில்லை. எங்கள் வீட்டு ஆம்பளைகளும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

எங்கள் பூமி உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் சீமைக்கருவேல மூட்டம். தீப்பெட்டி ஒட்டும்போது கைக்கு வேலை இருக்கும், காது சும்மா இருக்கும். அந்த நேரத்தில் எட்டாவது வரை படித்த ஒருத்தர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். பத்திரிகையில் வந்த அறிவுரைக் கட்டுரையை வாசித்தால் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய மாத நாவலை வாசித்தால் ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள். அடுப்பில் சோறு குழைந்த கதையெல்லாம் உண்டு.

கோயம்புத்தூர்க்காரர் ராஜேஷ்குமார் 1500க்கு மேல் நாவல் எழுதியவர். அவர் கதைகளில் விவேக் என்ற போலீஸ் அதிகாரி வருவார். அதில் எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம், கைரேகை என்று போலீஸ் பக்கத்து வார்த்தைகளாக வரும். கோர்ட்டு பக்கத்து வார்த்தைக்கு சுஜாதா. அவருடைய வக்கீல் கணேஷ் 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடர்கதையில் அறிமுகமானவர். பிற்பாடு வசந்த் வந்து சேர்ந்தார். சுஜாதா வக்கீலே இல்லை, பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்தவர். அமெரிக்காவில் பெரி மேசன் என்ற வக்கீல் கதைகளை எழுதிய கார்ட்னரோ நிஜமாகவே வக்கீல். வாசிக்கிற நமக்கு இரண்டு பேருமே வாத்தியார்தான்.

இப்படிக் கேட்டுக் கேட்டே ஜாமீன், முன்ஜாமீன், வாரண்ட், அப்ரூவர், குறுக்கு விசாரணை எல்லாம் எங்களுக்குப் பழகிப்போச்சு. கோர்ட்டு சமாச்சாரம் எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் வந்துவிட்டது. அந்த நினைப்பில்தான் அடி விழுந்தது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் கொழுந்தனாருக்காக ஒரு தனியார் வட்டிக் கடையில் புரோநோட்டில் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கொழுந்தனார் வேலைக்கு வெளியூர் போய்விட்டார், தவணை நின்றுபோனது. ஒருநாள் கோர்ட்டு ஆள் சம்மன் கொண்டுவந்து கொடுத்தார். கதையில் சம்மன் என்றால் கொலைக்கேசு, அடுத்து வாரண்ட், அடுத்து விலங்கு. அந்த அம்மா பயந்துபோய் அதை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. வாரா வாரம் கூட்டத்துக்கு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டுத்தான் போனார். நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து இன்னொரு காகிதம் வந்தது. அதில் 'நிறைவேற்று மனு' என்று இருந்தது. வீட்டுச் சாமான் ஜப்தி ஆகும் என்று யாரோ சொல்லவும்தான் இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தார்.

அருப்புக்கோட்டை கோர்ட்டில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு நாங்கள் நாலு பேர் கூடப் போனோம். அங்கேதான் ஒவ்வொரு வார்த்தையாகப் புரிந்தது. அது கிரிமினல் கேசே இல்லை. சிவில் வழக்கு. கேசு போட்டவர் வாதி, நம்ம அக்கா பிரதிவாதி. பிரதிவாதி என்றால் குற்றவாளி என்று அர்த்தம் இல்லை. சம்மன் என்றால் 'இந்தத் தேதிக்கு வந்து உன் பக்கத்தைச் சொல்லு' என்ற அழைப்பு, அவ்வளவுதான். அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் கடனை ஒத்துக்கொண்டதாக ஆகாது. வாங்க மாட்டேன் என்று மறுத்தாலோ கொடுத்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். போகாமல் இருந்தால் வாதி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு ஆகிவிடும். இதற்கு ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்று பேர். கோர்ட்டு வராந்தாவில் எல்லோரும் 'எக்ஸ்பார்ட்டி' என்றுதான் சொல்கிறார்கள். அதை ரத்துசெய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. அது தாண்டினால் ஏன் தாண்டியது என்று காரணம் காட்டித் தனியாக ஒரு மனுப் போட வேண்டும்.

ஜாமீன் என்ற வார்த்தையும் எங்களை ஏமாற்றிவிட்டது. கதையில் ஜாமீன் என்றால் ஜெயிலில் இருந்து வெளியே வருவது. புரோநோட்டில் ஜாமீன் என்றால் அடுத்தவர் கடனை நாம் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது. கடன் வாங்கியவரை முதலில் கேட்டுவிட்டுத்தான் நம்மிடம் வர வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எழுத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் சட்டப்படி இரண்டு பேர் பொறுப்பும் ஒன்றே, நேராக நம்மிடமே வரலாம். இது தெரிந்திருந்தால் அந்த அக்கா கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்.

கோர்ட்டு செலவுத்தொகை கட்டச் சொல்லி மனுவை ஏற்றுக்கொண்டது. கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில், லோக் அதாலத் என்கிறோமே, அதில் தவணையாகக் கட்டுவதாகச் சமரசம் ஆனது. பணம் போனதுதான், ஆனால் வீட்டுச் சாமான் பிழைத்தது. நமக்கு வக்கீல் ஃபீஸ் கிடையாது. 1987ஆம் வருடச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

அதற்குப் பிறகு கதை வாசிப்பதை நிறுத்தவில்லை, முறையைத்தான் மாற்றினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். கதையில் சட்ட வார்த்தை வந்தால் வாசிப்பை நிறுத்தி இடது பக்கம் எழுதுவோம். யாராவது அருப்புக்கோட்டை போகும்போது சட்டப் பணிகள் குழுவில் கேட்டு வந்து வலது பக்கம் எழுதுவார்கள். கதையில் வராததையும் எழுதுகிறோம். போலீஸ் ஸ்டேஷனில் முதலில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது எந்த நாவலிலும் நாங்கள் பார்த்ததில்லை. மனு வாங்கியதற்கு அத்தாட்சி அது. எஃப்.ஐ.ஆர். வேறு, புகார் கொடுத்தவருக்கு அதன் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும்.

பழைய நாவலில் இருக்கும் நம்பர்களையும் நம்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். கொலைக்கு 302 என்பது இப்போது 103. மோசடிக்கு 420 என்பது 318. 144 என்றால் கூட்டம் கூடத் தடை என்றுதானே கேட்டிருக்கிறோம்? அது 163 ஆகிவிட்டது. புதுச் சட்டத்தில் 144 என்பது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கிற பிரிவு. அந்த நாளுக்கு முந்திய குற்றங்களுக்குப் பழைய நம்பர்தான்.

இன்னொரு உறுப்பினர் ஒரு விபத்துக் கேசில் சாட்சி சொல்லப் போனார். லாரி மோதியதை நேரில் பார்த்தவர். நாங்களும் துணைக்குப் போனோம். சினிமாவில் மாதிரி சுத்தியலும் இல்லை, "ஆர்டர் ஆர்டர்" என்ற சத்தமும் இல்லை, கீதைப் புத்தகத்தையும் யாரும் நீட்டவில்லை. வாயால் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். கதையில் 96ஆம் பக்கத்தில் கேசு முடிந்துவிடும். இங்கே மூன்று வாய்தா ஆன பிறகுதான் அவர் பேரையே கூப்பிட்டார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் மடக்கி மடக்கிக் கேட்டார். கடைசியில், "நீங்கள் சம்பவ இடத்திலேயே இல்லை, பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்கிறேன்" என்றார். பழைய காலமாக இருந்தால் நம்மில் யாராக இருந்தாலும் அங்கேயே அழுதிருப்போம், இல்லாவிட்டால் சண்டைக்குப் போயிருப்போம். வக்கீல் அப்படிச் சொல்லித்தான் முடிப்பார், அது கோபம் இல்லை, வழக்கம் என்று நாங்கள் கதையில் படித்து, விசாரித்து, நோட்டிலும் எழுதி வைத்திருந்தோம். நம்ம ஆளு நிதானமாக, "சரியல்லங்கய்யா, நான் பார்த்தேன்" என்றார். சாட்சியத்திலும், நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல என்றுதான் பதிவானது. வெளியே வந்த பிறகுதான் அவருக்குக் கை நடுங்கியது. டீக்கடையில் உட்கார்த்தி வைத்துத் தண்ணி கொடுத்தோம்.

அரிசிப் பானையில் சம்மனை வைத்த அக்காதான் இப்போது அந்த நோட்டை வைத்திருக்கிறார். போன மாதம் அவர் கேட்டுவந்து எழுதிய வார்த்தை 'கேவியட்'. நம்மைக் கேட்காமலேயே யாராவது தடையாணை வாங்கிவிடுவார்களோ என்று பயம் இருந்தால் கோர்ட்டில் முன்கூட்டியே கேவியட் மனுப் போட்டு வைக்கலாம். 90 நாள் செல்லும். நிலத்தகராறு இருக்கிற வீட்டுக்காரர்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைக் கொண்டுவந்திருக்கிறோம். சாப்பாட்டு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம், ஆனால் வீட்டுக்குத் தர மாட்டோம்.