அந்தக் காலத்துக் கிணறும் இந்த வருஷத்து மழையும்



மரக்காணம் பக்கத்திலே டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்தால் அரை மணிக்குள் ஒரு பேச்சு வந்துவிடும். "அந்தக் காலத்திலே கவலை கட்டி இறைச்சோம், இருபது அடியிலே தண்ணி. அந்தக் காலத்திலே மல்லாட்டைக்கு மருந்தே அடிச்சதில்லை." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பேசி முடித்து எழுந்திருக்கும்போது வெயில் ஏறிப் போயிருக்கும், களை அப்படியே நிற்கும்.

நானும் அப்படிப் பேசினவன்தான். எங்கள் ஐயா காலத்தில் வற்றாத கிணறு ஒன்று எனக்குப் பாகத்தில் வந்தது. தண்ணீர் இறங்கினதும், "ஐயா கிணறு பொய்க்காது" என்று அதற்குள்ளேயே போர் போட்டேன். மூன்று வருஷம் நன்றாகப் பாய்ந்தது. நாலாம் வருஷம் மல்லாட்டை இலை ஓரம் கருகியது. தண்ணீரை வாயில் வைத்தேன், கரித்தது.

இது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடலோரத்தில் பூமிக்குள்ளே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேலே மிதந்துகொண்டிருக்கிறது, எண்ணெய் தண்ணீர் மேலே நிற்கிற மாதிரி. மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் உப்புத் தண்ணீர் ஏறத்தாழ 40 அடி ஏறிவரும் என்பது கணக்கு. ஆழமாகத் துளை போடுவது உப்புக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. ஐயா கவலையில் இறைத்தார், நான் மோட்டாரில் இறைத்தேன். கிணறு ஒன்றுதான், இறைப்பு வேறே. அதை நான் பார்க்கவில்லை.

நம்ம பக்கத்து ஆரோவில்லைப் பாருங்கள். இரும்பைக் கோயில் கதை உங்களுக்குத் தெரியும். கடுவெளிச் சித்தர் சாபம் போட்டார், லிங்கம் மூன்றாக வெடித்தது, பூமி பொட்டலாய்ப் போனது என்பார்கள். கதை எப்படியோ, பொட்டல் நிஜம். 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி ஆரோவில் தொடங்கினபோது அங்கே செம்மண் மேடும் பள்ளத்தாக்கு மாதிரி ஓடைகளும்தான். மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்குப் போகும். சாபத்தை நினைத்து உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் அதேதான். வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து ஆட்களும் சேர்ந்து முதலில் வரப்புப் போட்டார்கள். ஓடும் மழைத் தண்ணீரை நிற்க வைத்தார்கள். பிறகு எது பிழைக்குமோ அந்த மரத்தை நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு வேல மரம், மளமளவென்று வளரும். அதற்கு 'வேலை மரம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்!

நிழல் வந்தபிறகுதான் பழசைத் தேடிப் போனார்கள். இந்தக் கரையில் முன்னே என்ன காடு இருந்தது? அதற்குச் சாட்சி கோயில் காடுகள்தான். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் இன்னும் நிற்கிறதே, அந்த மாதிரி இடங்களில் பார்த்து வீரை, காயா, பாலை, கருங்காலி என்று விதை சேர்த்து நாற்று விட்டார்கள். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்தபோது அந்த வேலை மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. நம்ம ஊர் மரங்கள் பெரும்பாலும் நின்றன. வேலை மரம் வீண் என்று சொல்லமாட்டேன். அது நிழல் கொடுக்காவிட்டால் வீரைக் கன்று வெயிலிலேயே கருகியிருக்கும்.

இனி நம்ம வயலுக்கு வருவோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறினது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மரக்காணத்து உப்பளமெல்லாம் மூழ்கியது. அதை இன்னும் பேசுகிறோம். அவ்வளவு மழையில் நம்ம வயலில் எவ்வளவு இறங்கினது என்று கேட்டால் பதில் இல்லை.

என் கிணற்றுச் சுவரில் ஐயா உளியால் கொத்தின கோடு ஒன்று இருக்கிறது, தை மாசத்து மட்டம். அதற்குக் கீழே இப்போது நானும் கோடு போடுகிறேன். சித்திரை, ஆடி, கார்த்திகை, தை என்று வருஷத்துக்கு நாலு. போரை நிறுத்திவிட்டேன். மேட்டுத் தண்ணீர் வந்து சேருகிற மூலையில் குட்டை வெட்டினேன். மல்லாட்டை உப்பைத் தாங்காது, சவுக்கு ஓரளவு தாங்கும். அதனால் கிணற்றுப் பக்கம் இரண்டு ஏக்கர் சவுக்கு. மல்லாட்டை மேட்டுக் கொல்லையில், மானாவாரியாக. "ஐயா பூமியிலே சவுக்கா?" என்று பெரியம்மா இன்றைக்கும் கோபிக்கிறார்கள்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், உப்பளவு பார்த்துச் சொல்வார்கள். முடிந்தால் கோடையில் ஒரு தடவை, மழை கழிந்து ஒரு தடவை. வரப்பை ஆடிக்குள் உயர்த்திக் கட்டிவிடுங்கள். ஐப்பசியில் மண்வெட்டி எடுத்தால் சேறுதான் வரும்.