வெட்டவெளிக் குடியும் சர்க்கார் கடமையும்

(ஒரு பொதுக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் குடி நல்லதா, கெட்டதா என்பதல்ல. அதைப்பற்றிப் பிரசங்கம் செய்ய நாட்டில் வேண்டிய மட்டும் பேர் இருக்கிறார்கள். தேவர்கள் குடித்தால் சோமபானம், கூலிக்காரன் குடித்தால் பாவம் என்கின்ற கணக்கு நமக்கு விளங்குவதே இல்லை. குடியால் உடம்பு கெடுகிறது, கூலி கெடுகிறது, குடும்பம் கெடுகிறது. குடி வேண்டாமென்று சொல்ல இந்தக் காரணங்களே போதும். பாவ புண்ணியம் எதற்கு?

நாம் கேட்பது வேறு கேள்வி. நாலு பேர் நடக்கிற தெருவிலும், வயல் வரப்பிலும், பஸ் நிற்கிற இடத்திலும் குடி நடக்கின்றதே, இதற்குப் பொறுப்பாளி யார்? குடிக்கிறவன் மாத்திரந்தானா? விற்கிறவனுக்குப் பங்கு இல்லையா?

சமீபத்தில் ஒரு சிற்றூருக்குக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். பேசி முடித்ததும் ஓர் அம்மாள் எழுந்து, "ஐயா, சாமி இல்லை, பூதம் இல்லை என்று தைரியம் சொல்லுகிறீர்கள். பேய்க்கு நாங்கள் பயப்படவில்லை. சாயந்திரம் ஆறு மணிக்குமேல் அந்தப் புளியமரத்தடியைத் தாண்டி வரத்தான் பயமாக இருக்கிறது" என்றார். புளியமரத்திற்கு எதிரில் சாராயக் கடை. கடையில் உட்கார்ந்து குடிக்க இடம் கிடையாது. வாங்கியவர்கள் மரத்தடியில் உட்காருகிறார்கள். பக்கத்து வயலில் நாற்று நடுகிற பெண்களின் காலில் புட்டிச் சில்லு ஏறுகிறது. நமது பகுத்தறிவுக்கு அந்த அம்மாள் வைத்த பரீட்சை இது என்றே எடுத்துக்கொண்டோம்.

தோழர்களே! அந்தக் கடை எவனோ ஒரு முதலாளியின் கடை அல்ல. 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் தளர்த்தினார்கள், மறுபடியும் இறுக்கினார்கள், 1981-இல் மறுபடியும் திறந்தார்கள். 1983-இல் மொத்த வியாபாரத்திற்கென்று டாஸ்மாக் என்னும் கம்பெனியைச் சர்க்காரே ஏற்படுத்திற்று. 2003-இல் சில்லறைக் கடையையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 2023-24-ஆம் வருஷத்தில் இதில் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

சரி, விற்கட்டும். ஆனால் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டமும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பொது இடத்தில் குடிபோதையில் காணப்படுவது அதன்படி குற்றம். கடையிலே சர்க்கார் சம்பளக்காரர் காசை வாங்கிக்கொண்டு புட்டியைக் கொடுக்கிறார். பத்தடி தள்ளி அதே சர்க்காரின் போலீஸ்காரர் லத்தியோடு நிற்கிறார். எல்லாக் கடையோடும் பார் இல்லை. வீட்டிலே குடிக்கலாமென்றால் ஒற்றை அறை. அதிலே பெண்டாட்டியும் பிள்ளைகளும் படுத்திருக்கிறார்கள். இவன் எங்கே போவான்? விலை வாங்கும் வரையில் வாடிக்கைக்காரன்; வாசலைத் தாண்டினால் குற்றவாளி! இதுதான் நியாயமா?

இனி மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். கிளப்புக்கு ஒரு லைசென்சு, நட்சத்திர ஓட்டலுக்கு ஒரு லைசென்சு. கிளப்பின் புல்தரையில் விளக்குப் போட்டு, நாற்காலி போட்டு, கனவான்கள் குடிக்கிறார்கள். அதுவும் வெட்டவெளிதான்; மேலே இருப்பது அதே ஆகாயந்தான். அங்கே அதற்குப் பெயர் உபசாரம். புளியமரத்தடியில் அதற்குப் பெயர் ஒழுங்கீனம். லைசென்சிலும் வருணாசிரம தர்மத்தைப் புகுத்திவிட்டார்கள் என்று நாம் சொன்னால் அதில் என்ன தப்பு?

2023-இல் நடந்ததை மறந்துவிடாதீர்கள். கலியாண மண்டபம், மாநாட்டு மண்டபம், விளையாட்டு மைதானம் முதலிய இடங்களில் விசேஷ லைசென்சு பெற்று மது பரிமாறலாமென்று விதியைத் திருத்தினார்கள். அந்த ஏப்ரலில் நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் கலியாண மண்டபத்தை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் கலாச்சாரம் கெட்டுவிடும் என்றார்கள். நமது ஆட்சேபம் அதுவல்ல. மைதானத்திலே பரிமாற விதி எழுதத் தெரிந்த கைக்கு, மரத்தடியிலே உட்காருகிறவனைப் பற்றியும், அவனைத் தாண்டிப் போகிற பெண்ணைப் பற்றியும் ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே என்பதுதான் நமது ஆட்சேபம்.

தூரக் கணக்கையும் பாருங்கள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் கடை நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று விதி. பள்ளிக்கூடம் சரி. கல்லுச் சாமிக்கு மீட்டர் அளந்தவர்கள், தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் நடக்கிற உயிருள்ள பெண்ணுக்கு எத்தனை மீட்டர் அளந்தார்கள்? சாமி ஒருநாளும் இருட்டில் தனியாக வீடு திரும்புவதில்லையே!

2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாதென்றது. பிறகு 2017 மார்ச்சில் 20,000 பேருக்கு உட்பட்ட சிறிய ஊர்ப் பகுதிகளுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் குடித்துச் சாகக்கூடாதென்பது நல்ல எண்ணமே. ஆனால் நடந்தது என்ன? சாலையில் இருந்த கடைகள் குடியிருப்புப் பக்கம் நகர்ந்தன. பெண்கள் மறியல் செய்தார்கள். திருப்பூர் ஜில்லா சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில், மறியல் செய்த ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் அறைந்ததை நாடே படத்தில் பார்த்தது. கடையை எங்கே வைக்கலாகாது என்று மாத்திரம் யோசித்து, எங்கே வைத்தால் யாருக்குத் தொல்லை என்று யோசிக்காததன் பலன் இது.

அப்படியானால் முழு மதுவிலக்கு வேண்டுமென்கிறீர்களா என்று சிலர் கேட்கலாம். அதையும் இந்நாடு பார்த்தாயிற்று. சட்டம் இருந்த காலத்திலும் பணக்காரன் பெர்மிட்டில் குடித்தான். ஏழை கள்ளச்சாராயத்தைக் குடித்தான். சரி, குடிக்க இடம் கேட்பது குடியை வளர்ப்பதாகாதா என்றும் சிலர் கேட்கலாம். இடம் இல்லாததால் குடி நின்றதா? நிற்கவில்லை, தெருவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

யோசித்து விதி செய்தால் பலன் உண்டென்பதற்கு நீலகிரியே சாட்சி. காலிப் புட்டிகளைக் காட்டில் எறிந்து, மிருகங்களின் காலைக் கிழித்ததால், ஹைக்கோர்ட்டு உத்தரவின்மேல் 2022-இல் ஒரு ஏற்பாடு வந்தது. புட்டிக்குப் பத்து ரூபாய் அதிகம் வாங்குவது. காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது. புட்டிகள் கடைக்குத் திரும்பி வந்தன. யாரும் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. போலீஸ்காரர் அடிக்கவும் இல்லை. காரணம் அறிந்து காரியம் செய்தார்கள். யானையின் காலுக்குச் செய்ததை நாற்று நடுகிற பெண்ணின் காலுக்கு முதலிலேயே செய்திருக்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். விற்கிற சர்க்கார், குடிக்கிற இடத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும். குடியிருப்பையும் நடைபாதையையும் விட்டு விலகி, வெளிச்சமும் தண்ணீரும் கக்கூசும் உள்ள இடத்தில், குறித்த நேரத்தில் மாத்திரம் அது நடக்கவேண்டும். இல்லையேல் அந்தக் கடையே அங்கே கூடாது. கடை வைக்குமுன் அவ்வூர்ப் பெண்களைக் கேட்கவேண்டும். தண்டனை போடுவதானால் புல்தரைக்கும் மரத்தடிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். மூடின கடை எத்தனை என்பதைவிட, எத்தனை தெரு மீண்டது என்பதே நமக்குக் கணக்கு.

1924-இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் எதற்காக? கோயிலைச் சுற்றிய பொதுத் தெருவில் எல்லா மனிதரும் நடப்பதற்காக. ஜாதி மறித்தால் எதிர்த்தோமே, சர்க்கார் கடையின் புட்டி மறித்தால் சும்மா இருப்பதா? தெரு எல்லோருக்கும் பொது என்றால், அந்த அம்மாளுக்கும் பொது. ஆறு மணிக்குப் பின்னும் பொது.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைச் சாயந்திரம் உங்கள் ஊர்க் கடையண்டை அரைமணி நேரம் நின்று, யார் குடிக்கிறார்கள் என்பதைவிட, யார் சுற்றிப் போகிறார்கள் என்பதைப் பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.