வாசிப்பு வட்டமும் சமனின்மையும்: மிலான் பெண்கள் புத்தகக் கடை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் தோன்றுவதற்கு ஆர்வமுடைய நால்வரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். அது பத்தாண்டுகள் நிலைப்பதற்கு வேறொன்று வேண்டும். அந்த வேறொன்று யாது என்னும் வினாவுக்கு, கடல் கடந்த ஒரு நகரில், ஒரு சிறிய புத்தகக் கடையில் கூடிப் படித்த பெண்கள் கண்ட விடையை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். அவ்விடை இனிமையானதன்று. ஆயினும், விழா நாளில் சொல்லத் தகுந்தது.

கடைகளின் காலம்

பெண்ணிய இயக்கத்தின் இரண்டாம் அலை எழுந்த ஆண்டுகளில், மேலை நாடுகளின் நகரங்கள் பலவற்றில் பெண்கள் தமக்கெனப் புத்தகக் கடைகளைத் திறந்தனர். 1970இல் அமெரிக்காவின் மினியாபொலிசில் ‘அமேசான்’ என்னும் பெயரில் ஒரு கடை தோன்றியது. இன்று அப்பெயரால் அறியப்படும் இணைய வணிக நிறுவனத்துக்கு அது கால் நூற்றாண்டு மூத்தது. 1973இல் டொராண்டோவிலும், 1974இல் பாரிசிலும், 1975இல் மிலானிலும், 1984இல் இலண்டனில் ‘சில்வர் மூன்’ என்னும் பெயரிலும் கடைகள் திறக்கப்பட்டன. அதே 1984இல் பெங்களூரில் விமோசனா அமைப்பினர் ‘ஸ்த்ரீலேகா’வைத் தொடங்கினர்.

இவை நூல் விற்கும் இடங்களாக மட்டும் இருந்ததில்லை. கவிதை வாசிப்பு, நூல் அறிமுகம், வாசகர் வட்டம், அறிவிப்புப் பலகை, குழந்தைகளை உடன் அழைத்து வருவோர்க்கு ஒரு மூலை எனப் பலவும் அங்கு இடம்பெற்றன. பெரிய கடைகளில் ஒரு தட்டுக்கூடக் கிடைக்காத பெண் எழுத்துக்கு இங்கு முழுச் சுவர்கள் கிடைத்தன. பின்னர்ப் பெருங்கடைகளின் தள்ளுபடி விலையும், இணைய வணிகமும், உயர்ந்துகொண்டே சென்ற வாடகையும் அவற்றுள் பலவற்றை வீழ்த்தின. இலண்டன் கடை 2001இல் மூடப்பட்டது. மினியாபொலிஸ், டொராண்டோ கடைகள் 2012இல் மூடப்பட்டன. மிலான் கடையோ 2025இல் ஐம்பதாம் ஆண்டை எட்டியது.

தெருவை நோக்கித் திறந்த கதவு

மிலான் கடை பாரிஸ் கடையின் முன்மாதிரியைக் கண்டு எழுந்தது. 1970களின் இத்தாலியில் பெண்கள் சிறு சிறு குழுக்களாக வீடுகளில் கூடித் தத்தம் வாழ்வைப் பேசிவந்தனர். இத்தன்னுணர்வுக் குழுக்களில் இடம்பெற வேண்டுமெனில் யாரேனும் அழைக்க வேண்டும். கடைக்கு அழைப்பு வேண்டியதில்லை. தெருவில் செல்லும் எவரும் உள்ளே வரலாம். வீட்டுக்குள் நிகழ்ந்த பேச்சைத் தெருவோடு இணைப்பதே கடையின் முதற்பயன் எனத் தோற்றுநர்கள் கருதினர். லூயிசா முராரோ, லியா சிகரீனி ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். முன்னவர் மெய்யியலாளர், பின்னவர் வழக்கறிஞர்.

கார்லா அக்கார்தி முதலிய பெண் ஓவியர்கள் அளித்த அச்சோவியங்களின் விற்பனை தொடக்கச் செலவுக்கு உதவியது. நகரின் பேராலயத்துக்கு அருகில், வியா தோகானா என்னும் தெருவில் கடை அமைந்தது. பெண்கள் எழுதிய நூல்களை மட்டுமே விற்பது என முடிவு செய்யப்பட்டது. உறுப்பினர்களே முறை வைத்துக்கொண்டு ஊதியமின்றிக் கடையைக் கவனித்தனர். அச்சில் இல்லாத பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பதும் அவர்தம் பணியாயிற்று. 2001இல் கடை அதே நகரின் வியா பியெத்ரோ கால்வி தெருவுக்கு இடம் பெயர்ந்தது. 1991இல் தொடங்கப்பெற்ற அவர்களுடைய இதழோ பழைய தெருவின் பெயரையே தாங்கியது.

இவையெல்லாம் கடையின் வரலாறு. வட்டத்தின் வரலாறு இனித்தான் தொடங்குகிறது.

மஞ்சள் அட்டைப் பட்டியல்

1982இல் மிலான் கடையினரும் பார்மா நகரின் பெண்கள் நூலகத்தாரும் இணைந்து ஒரு சிறு நூலை வெளியிட்டனர். பெயருக்கு அது ஒரு நூற்பட்டியல். அட்டையின் நிறத்தால் ‘மஞ்சள் பட்டியல்’ என்றே அறியப்பட்டது. ‘நம் அனைவரின் அன்னையர்’ என்பது அதன் தலைப்பு. கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதிய இசைநாடகம் ஒன்றின் பெயரைத் தழுவி இத்தலைப்பு அமைந்தது.

அந்நூலின் பின்னணியில் இருந்தது ஒரு வாசிப்பு வட்டம். ஜேன் ஆஸ்டின், பிராண்டி சகோதரியர் இருவர், வர்ஜீனியா உல்ஃப், கெர்ட்ரூட் ஸ்டைன், ஐவி காம்ப்டன்-பர்னெட், சில்வியா பிளாத், இங்கேபோர்க் பாக்மன், எல்சா மொரான்தே முதலியோரின் புதினங்களை அவ்வட்டத்தார் படித்தனர். படித்த முறை கல்வித்துறை முறையன்று. இலக்கிய வரலாற்றில் எவர் எந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளார் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. நூலுக்கும் தம் வாழ்வுக்கும் இடையிலான வேலியை வேண்டுமென்றே பிரித்தனர். உலகில் தமக்கு ஏற்படும் தடுமாற்றத்துக்கு, வெல்ல வேண்டும் என்ற விழைவும் வெல்ல முடியாத தயக்கமும் கலந்த அந்நிலைக்கு, ஒரு மொழி இப்படைப்பாளரிடம் கிடைக்குமா எனத் தேடினர். பிடித்ததைப் பிடித்தது என்றும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம் என்பது வட்டத்தின் விதியாயிற்று.

இவ்வெளிய விதியே பெரும் பூசலுக்கு வித்திட்டது. சிலர் ஆஸ்டினை எல்லார்க்கும் மேலாக வைத்தனர்; பிறர் அதனை ஏற்கவில்லை. ஒரு நூலைப் பற்றிய விருப்பு வெறுப்பு, விரைவில் அதைச் சொல்பவரைப் பற்றிய விருப்பு வெறுப்பாகத் தோற்றம் கொண்டது. வட்டத்தில் ஒருத்தியின் கருத்து மற்றொருத்தியின் கருத்தைவிட மிகுந்த எடை பெறுவதை எல்லாரும் கண்டனர். எவரும் அதைச் சொல்லவில்லை. இறுதியில் ஒருவர் சொல்லிவிட்டார். அன்னையர் என்று தேடப்படுவோர் நூல்களில் மட்டும் இல்லை, இவ்வறையிலேயே இருக்கிறார்கள். ஏனெனில் இங்குள்ளோர் அனைவரும் சமமானவர்கள் அல்லர் என்பதே அவர் கூற்றின் சாரம்.

சமம் என்னும் சுமை

இக்கூற்றின் கனத்தை உணர வேண்டுமாயின், அக்கால மகளிர் குழுக்களின் அறத்தை அறிதல் வேண்டும். ஒடுக்கப்பட்டோர் என்ற வகையில் பெண்கள் அனைவரும் ஒன்று. எனவே அனைவரும் சமம். எனவே ஒருத்தி மற்றொருத்தியை மதிப்பிடலாகாது. இதுவே எழுதப்படாத சட்டம். தொடக்கத்தில் இச்சட்டம் பேருதவி புரிந்தது. வாழ்நாளெல்லாம் வாய் திறவாதிருந்தவர்கள் அதன் நிழலில் பேசக் கற்றனர். பின்னர் அதே சட்டம் தடையாயிற்று. நன்றாக எழுதுபவரைக் கண்டு எழும் வியப்பைச் சொல்ல வழியில்லாதபோது அவ்வியப்பு பொறாமையாகப் புளித்தது. தெளிவாகச் சிந்திப்பவரிடம் அனைவரும் சாய்ந்துகொண்டனர். அதே வேளையில் அவர் தலைமை கொள்கிறாரோ என ஐயுறவும் செய்தனர்.

சமமின்மை உண்டு என்று ஒருமுறை பெயரிட்டுச் சொன்னபின், அஞ்சியவாறு வட்டம் உடையவில்லை. மறைத்துவைத்த ஒன்று வெளிப்பட்டதால் பேச்சு எளிதாயிற்று. ‘அவளிடம் எனக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, அது எனக்கு வேண்டும்’ என்று சொல்லக்கூடிய நிலை பிறந்தது. 1983 சனவரியில் அவர்கள் வெளியிட்ட அறிக்கை இவ்வனுபவத்தை அரசியல் கருத்தாக்கினது. ‘ஆண்களைவிடப் பெண்களே மிகுதி’ என்ற அதன் தலைப்பும் வாசிப்பிலிருந்தே வந்தது. அது காம்ப்டன்-பர்னெட்டின் புதினமொன்றின் பெயர். 1987இல் தம் வரலாற்றைக் கூட்டாக எழுதி ‘உனக்கு உரிமைகள் உண்டென நம்பாதே’ என்ற பெயரில் நூலாக்கினர். தலைப்பு சிமோன் வெய்லின் குறிப்பேடுகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1990இல் அது ஆங்கிலத்தில் வந்தது. ஒரு புத்தகக் கடையின் வாசிப்பு வட்டம் உலகப் பெண்ணியச் சிந்தனைக்கு ஒரு கோட்பாட்டை வழங்கிய வரலாறு இது.

அடைக்கலம்

அக்கோட்பாட்டின் மையச் சொல் ‘அஃபிதாமெந்தோ’. தன்னை நம்பி ஒருவரிடம் ஒப்படைத்தல் என்பது பொருள். உலகில் ஒன்றைச் செய்ய விழையும் பெண், தன்னினும் அதில் மேம்பட்ட மற்றொரு பெண்ணை அறிந்தேற்று, அவளுடைய மதிப்பீட்டைத் தனக்கு அளவுகோலாகக் கொள்வதே இவ்வுறவு.

இதற்கு அந்நூல் காட்டும் சான்றுகளுள் ஒன்று கவிஞர்களுக்கு உரியது. அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிட்டில் 1920இல் கிரேக்கத் தீவான கார்ஃபுவில், தங்கியிருந்த அறையின் சுவரில் ஒளி உருவங்கள் தோன்றக் கண்டார். அது நோயா, அருளா என்று அவருக்கே தெளிவில்லை. நிறுத்திவிடவா என்று உடனிருந்த தோழியும் எழுத்தாளருமான பிரைஹரைக் கேட்டார். தொடர்ந்து பார் என்று பிரைஹர் தயங்காமல் கூறினார். டூலிட்டில் களைத்துக் கண்களை மூடிக்கொண்டபோது, அதுவரை எதையும் காணாதிருந்த பிரைஹர் எஞ்சிய காட்சியைக் கண்டார். பின்னாளில் டூலிட்டில் இதனைத் தம் நினைவு நூலில் பதிவு செய்தார். ஒருத்தியின் பார்வை முழுமை பெறுவதற்கு அருகில் மற்றொருத்தி இருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

‘அஃபிதாமெந்தோ’வைத் தமிழாக்க முனைவோர்க்கு ‘அடைக்கலம்’ என்னும் சொல் நினைவில் எழுவது இயல்பு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கிறார். ஒரு பெண்ணை ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் ஒப்படைக்கும் காட்சி அது. எனினும் வேறுபாடு நோக்கத்தக்கது. கண்ணகி ஒப்படைக்கப்படுகிறாள், மிலான் பெண்ணோ தானே ஆராய்ந்து தன்னை ஒப்படைக்கிறாள். அடைக்கலம் காப்பினை நாடுகிறது; மிலான் உறவு வளர்ச்சியை நாடுகிறது. இரண்டுக்கும் பொதுவானது, ஏற்றவர் மேல் விழும் பொறுப்பின் கனம். அடைக்கலப் பொருளைக் காக்க இயலாத மாதரி தீப்புகுந்ததாக இளங்கோவடிகள் பாடுவது அக்கனத்தை அறிந்ததனாலேயே.

மறுப்புகள்

இக்கோட்பாடு எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதன்று. சமத்துவத்துக்காகப் போராடும் இயக்கத்தில் ஏற்றத்தாழ்வைப் போற்றுவதா என்று பலர் சினந்தனர். படித்தவளும் வசதி படைத்தவளும் என்றும் ‘அன்னை’யாகவே இருக்க, ஏனையோர் என்றும் மகளிராகவே இருந்துவிடும் இடர் இதில் உண்டு. வர்க்கத்தால் வரும் வேறுபாட்டையும் திறத்தால் வரும் வேறுபாட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், பழைய அதிகாரமே புதிய பெயரில் மீண்டும் வரும்.

அதிகாரம் வேறு, சான்றாண்மை வேறு என்பது மிலான் மகளிரின் மறுமொழி. அதிகாரம் மேலிருந்து செலுத்தப்படுவது. சான்றாண்மை, எதிரே இருப்பவர் மனமுவந்து அளிக்கும்போது மட்டுமே உளதாவது. அவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் இல்லாமற் போவது. ஒன்றில் மேம்பட்டவர் மற்றொன்றில் மாணவராகலாம். இம்மறுமொழி கோட்பாட்டளவில் தெளிவானது. நடைமுறையில் இரண்டையும் பிரித்தறிவது ஒவ்வொரு வட்டமும் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. எந்நூலும் அதனைச் செய்து தராது.

இவ்வட்டத்துக்கு

மாதந்தோறும் கூடும் ஒரு கவிதை வட்டத்தில் வழக்கமாக நிகழ்வது யாது? ஒருவர் கவிதை வாசிக்கிறார். கைதட்டல் எழுகிறது. ‘அருமை’ என்று இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. அடுத்தவர் அழைக்கப்படுகிறார். ஆண் கவிஞரிடம் குறை சொன்னால் பகை வரும் என்று அஞ்சுவோர், பெண் கவிஞரிடம் குறை சொன்னால் பாவம் வரும் என்று அஞ்சுகின்றனர். அடுப்பையும் பிள்ளைகளையும் மாமியாரின் மருந்து வேளையையும் ஒழுங்குசெய்து, கணவனிடம் விடைபெற்று, இரண்டு பேருந்து மாறி அவள் வந்திருக்கிறாள். அவளுடைய கவிதையில் மூன்றாம் பத்திக்குமேல் உயிரில்லை என்று எவ்வாறு சொல்வது? எனவே எவரும் சொல்வதில்லை. அன்பின் பெயரால் காக்கப்படும் அம்மௌனத்தில், பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவள் கவிதை அதே மூன்றாம் பத்தியில் நிற்கிறது. இரண்டு பேருந்து மாறி வந்தவளுக்கு வட்டம் செலுத்த வேண்டிய கடன் உண்மையே; வெறும் கைதட்டலோடு அவளை வீட்டுக்கு அனுப்புவது அவளுடைய உழைப்பை மதியாமையாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பெண் கவிஞர் தம் முன்னோடிகளைச் சொல்லும்போது ஔவையையும் காரைக்கால் அம்மையாரையும் ஆண்டாளையும் தயங்காமல் சொல்கிறார். நேற்று மாலை அடுத்த நாற்காலியில் அமர்ந்து தம் கவிதையின் இரண்டு சொற்களை அடித்துத் திருத்திய தோழியின் பெயரை அவர் சொல்வதில்லை. மறைந்தோர்க்குக் கடன்படுதல் எளிது. உடனிருப்போர்க்குக் கடன்பட்டதை ஒப்புக்கொள்வதே அரிது. மிலான் வாசிப்பு வட்டம் கடந்து சென்றது இவ்வரிய இடத்தைத்தான்.

பத்தாண்டுகளில் எத்தனை கூட்டங்கள் நடந்தன, எவர் வாசித்தார், எவர் தலைமை தாங்கினார் என்பனவெல்லாம் ஒரு வட்டத்தின் பதிவேட்டில் இருக்கும். எவர் எவரிடமிருந்து என்ன கற்றார் என்பது அதில் இராது. அடுத்த மலரில் அதற்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கப்படுமாயின், ஒவ்வொருவரும் ஒரு பெயரையும் அவரிடம் கற்ற ஒன்றையும் தயங்காமல் எழுதுவாராயின், அப்பக்கங்களே மலரின் ஏனைய பக்கங்களைவிட நெடுங்காலம் படிக்கப்படும். அதற்குரிய பயிற்சியை அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம். கைதட்டல் அடங்கியபின் ஒருவர் எழுந்து, எந்தச் சொல் நின்றது, எந்தச் சொல் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டும். வாசித்தவர் அமர்ந்து அதைக் கேட்க வேண்டும்.