பட்டறிவும் பணியுயர்வும்

(வெள்ளகோவிலில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

   

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்துள்ள இந்நன்னாளில், வாழ்வில் நாம் பட்டு அறிந்தவற்றைக் கொண்டு தொழிலிலும் பதவியிலும் உயர்வது எங்ஙனம் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். படிப்பறிவைப் பற்றிப் பேசுவோர் பலர். பட்டறிவைப் பற்றிப் பேச நம்மவர்க்கு ஒரு கூச்சம் உண்டு. அக்கூச்சத்திலிருந்தே தொடங்குகின்றோம்.

கல்லூரிப் படிப்பை முடித்து முதன்முதலாக நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது, “விடுமுறைகளில் என்ன செய்வீர்கள்?” என்று நம்மைக் கேட்டனர். விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றினோம், அண்ணனுக்குத் துணையாக இரவில் தறி ஓட்டினோம் என்று சொல்ல நா எழவில்லை. “நூல்கள் படிப்போம்” என்றோம். “அண்மையில் படித்த நூல் எது?” என்றனர். விழித்தோம். அவ்வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு விடையால்தான் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. எனினும், உண்மையை மறைத்த இடத்தில் வைப்பதற்கு நம் கையில் வேறொன்றும் இல்லை என்பதை அன்று உணர்ந்தோம்.

இக்கூச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. நமக்கு வழிகாட்டிய பெரியோரும் இதனைக் கடந்தே வந்துள்ளனர். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் 1859-ஆம் ஆண்டு பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் வாழ்வை நோக்குங்கள். அவர் கல்வி பயின்றது நம் கோயம்புத்தூரில்தான் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அங்குப் பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களுள், பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர்கள் என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். தம் சாதியும் குடியிருப்பும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, பள்ளி தொடங்கும் மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்து படிப்பாராம். பள்ளி விட்டதும், உடன் பயில்வோர் எவரும் தம்மை எட்டாதபடி விரைந்து வீடு சேர்வாராம். பிற பிள்ளைகளோடு விளையாட முடியாமற் போன ஏக்கத்தையும் அவர் எழுதியுள்ளார்.

அச்சிறுவனைக் கோழை என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? அன்று மறைந்து நடந்ததே அவர்க்குக் காப்பாக இருந்தது. ஆனால், வளர்ந்த பின்னும் அவர் மறைந்தே நடக்கவில்லை என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம். நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றிய பின் 1890-இல் சென்னைக்குச் சென்றார். 1893-இல் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’ என்பது. எந்தச் சொல் தம்மைத் தொடர்ந்து வந்துவிடுமோ என்று அஞ்சிச் சிறுவயதில் ஓடினாரோ, அதே சொல்லைத் தம் இதழின் முகப்பில் அச்சிட்டார்!

பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணி செய்தார். 1921-இல் தாயகம் திரும்பி, 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமனம் பெற்றார். 1924-இல் அவர் கொண்டு வந்த தீர்மானம், பொதுச் சாலைகளும், தெருக்களும், கிணறுகளும், குளங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியன என்று அறிவிக்கச் செய்தது. எவரும் தம்மோடு சேர்ந்து நடந்துவிடாதபடி சாலையில் விரைந்த மாணவர், பொதுச் சாலை எல்லார்க்கும் பொது என்று சட்டமன்றத்தில் எழுந்து பேசினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்ததும் அவரே. 1939-இல் தம் வரலாற்றைச் சுருக்கமாக நூலாக்கினார். அந்நூல் இல்லையேல், கோயம்புத்தூர் மணியோசைக்காகக் காத்து நின்ற மாணவனை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலும் இதனையே காண்கின்றோம். 1901-இல், சிறுவனாக, தந்தையைக் காண உடன்பிறந்தாரோடு புகைவண்டியில் சென்றார். மசூர் நிலையத்தில் இறங்கியதும், இவர்கள் இன்னார் எனத் தெரிந்து வண்டியோட்டிகள் ஏற்ற மறுத்தனர். இரட்டைக் கூலி தந்து, வண்டியைத் தாமே ஓட்டிச் செல்ல நேர்ந்தது. கையில் உணவு இருந்தும், வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமையால் பசியோடு இரவைக் கழித்தனர். அந்தத் தாகத்தை அவர் மறக்கவில்லை. 1927-இல் மகாடு குளத்து நீரை மக்களோடு சென்று அள்ளிப் பருகினார். தாகம் மட்டும் இருந்திருந்தால் அது துயரக் கதையாகவே முடிந்திருக்கும். சட்டப் படிப்பு மட்டும் இருந்திருந்தால் எந்த வழக்கை முதலில் எடுப்பது என்பது தெரிந்திராது. பட்டறிவும் படிப்பறிவும் ஒரு வண்டியின் இரு மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டால் வண்டி நகராது.

இங்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். பட்டறிவைப் போற்றுவது, குலத்தொழிலுக்குத் திரும்புவது என்று பொருள்படாது. 1953-இல் இராசாசி அமைச்சரவை, தொடக்கப் பள்ளியின் படிப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகும்படி ஒரு திட்டம் கொண்டு வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நிலைத்திருந்தால் இம்மேடையில் நிற்போர் பலர் இங்கு நின்றிருக்க மாட்டோம்.

ஆயினும், நம் முன்னோர் கைகளில் இருந்தது அறிவே என்பதை மறத்தல் ஆகாது. இவ்வட்டாரம் மழை குறைந்த கொறங்காட்டுப் பூமி. கிணற்று நீரைக் கவலை பூட்டி இறைத்துப் பயிர் செய்த காலத்தில், சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். ஆவாரம் பட்டையால் தோல் பதப்படும் வகையை அறிந்தவர்கள். அத்தொழிலை இழிந்தது என்றது ஊர். அதே தோலை ஆராய்வதற்கென்றே 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது! இழிவு தொழிலில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? உரிய கூலியும் மதிப்பும் மறுக்கப்பட்டதே குற்றம். ஆகவே, அத்தொழிலுக்கே திரும்ப வேண்டும் என்று எவரையும் சொல்லோம்; அதனை எண்ணி நாண வேண்டும் என்றும் சொல்லோம்.

இனி, இளைஞர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, எழுதி வையுங்கள். ஒரு குறிப்பேட்டில், இதுகாறும் செய்த வேலைகளையும், பட்ட இன்னல்களையும், அவற்றை எவ்வாறு தீர்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை நடந்திருப்பீர்கள். அந்த மனு ஒவ்வொரு மேசையாக எப்படிச் செல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வங்கியில் படிவம் நிரப்பியிருப்பீர்கள்; கடினமான செய்தியை எளிய சொல்லில் சொல்லப் பழகியுள்ளீர்கள்.

இரண்டாவது, அதனை வேலை தருவோர்க்கு விளங்கும் சொல்லில் கூறுங்கள். “துன்பப்பட்டோம்” என்பது ஒரு செய்தி. “துன்பத்தை இவ்வாறு தீர்த்தோம்” என்பது ஒரு தகுதி. இரண்டாம் முறை நேர்முகத்துக்குச் சென்றபோது நாம் தறிக்கூடத்தை மறைக்கவில்லை. அண்ணன் நெய்த துணியின் மீட்டர்க் கணக்கை நாள்தோறும் தனியே குறித்து வைத்ததையும், வாரக் கூலி குறைந்தபோது அக்குறிப்பைக் காட்டிச் சரி செய்ததையும் சொன்னோம். கணக்குப் பிரிவில் நமக்கு வேலை கிடைத்தது.

மூன்றாவது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாது விடுவது என்னும் உரிமை உங்களுடையது. காயத்தைத் திறந்து காட்டினால்தான் இரக்கம் பிறக்கும் என்று எண்ண வேண்டா. நமக்கு வேண்டியது இரக்கம் அன்று, திறமைக்குரிய இடமே. சாதியை வேடிக்கைக்காகக் கேட்போர்க்கு விடையளிக்கும் கடமையும் உங்களுக்கு இல்லை.

நான்காவது, பதவியில் அமர்ந்த பின் பட்டறிவை மறவாதீர்கள். மேசைக்கு முன்னே மனுவோடு கால் கடுக்க நின்றவர், மேசைக்குப் பின்னே அமரும்போது, முன்னே நிற்கும் முதியவளை “உட்காருங்கள், அம்மா” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறு நடந்துகொள்பவரையே மக்கள் தேடி வருவர், மேலதிகாரியும் நம்புவார்.

இளைஞர்களே! இக்கழகம் உங்களுக்குப் பாடநூலும் கட்டணமும் தரலாம். நீங்கள் நடந்து வந்த வழியை வேறெவரும் தர இயலாது. அதனை எவரும் பறிக்கவும் இயலாது. இன்றிரவு வீடு சென்றதும் ஒரு குறிப்பேட்டைத் திறந்து முதற்பக்கத்தை எழுதுங்கள். பொன்விழா மேடையில் அதனை நீங்கள் வாசிக்க, கீழே அமர்ந்து நாங்கள் கேட்போமாக!