மழை நாளும் மரக்கன்றும்



நமது மையவாடியில் ஜனாஸாவுடன் வருவோர் ஒதுங்கி நிற்க நிழல் இல்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி பாழ்பட்டுக் கிடந்தது. 2010-ஆம் ஆண்டு சேலம் மக்கள் குழுவினர் அதனைத் தூர்வாரினர். அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்துக் கன்றுகளை நட்டனர். மழை பெய்து ஏரி நிறைந்தபோது அத்திட்டுகள் மரங்கள் அடர்ந்த தீவுகளாயின. பறவைகள் வந்து தங்கின.

இளம்பிள்ளையில் தறியையே நம்பி வாழும் நாமோ, தூறல் விழுந்தாலே நடுகைப் பணியை ஒத்திவைக்கிறோம். ஈரமும் மேகமூட்டமும் உள்ள நாளில்தான் கன்று வாடாமல் வேர்பிடிக்கும். அன்று குழியில் நீர் தேங்காதவாறு வாய்க்கால் வெட்ட வேண்டும். காற்றில் சாயாதவாறு முட்டுக்கொம்பு நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். வேரடியில் சேற்றை மிதித்து இறுக்கலாகாது. இடி, மின்னல் வேளையில் மட்டும் வெளியில் நிற்க வேண்டாம்.

மழையில் தழைத்த கன்று, பங்குனி வெயிலில் நாம் நீர் ஊற்றாவிடில் கருகிவிடும். ஆகவே, நடுவதற்கு வரும் ஒவ்வொருவரும் கோடை முடியும்வரை ஒரு கன்றைப் பொறுப்பேற்க வேண்டுகிறோம். நமக்குப் பின் வருவோருக்காவது நிழல் கிடைக்கட்டும்.